ஒத்தைக்கால் கொக்கு

எங்க கொட்டகையில அவளுக்கு மூக்குன்னுதான் பேரு. பெத்தவங்க வச்ச பேரு ஒன்னு இருந்துச்சு, அது ஆஸ்பத்திரிச் சீட்டுல மட்டும் இருக்கும். "மூக்கு, இதைப் பாரு", "மூக்கு இன்னைக்கு வரலையா", எல்லாம் அப்படித்தான். அவ கோவிச்சுக்க மாட்டா. எனக்கு மட்டும் என்ன வாழுதாம், பொடியக்கான்னு பேரு. இடுப்புல மூக்குப்பொடி டப்பா இல்லாம என்னைப் பாத்தவங்க கிடையாது. ஒரே பலகைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ, ஒன்பது வருஷம் எதிரும் புதிருமா உக்காந்து ஊர்க் குப்பையைப் பிரிச்சவங்க நாங்க. நான் சொல்றதுல பாதி கண்ணால பாத்தது, மீதி அவ வாயால கேட்டது. வேற யாராவது வேற மாதிரி சொன்னா நம்பாதீங்க.

பிளாஸ்டிக்னா எல்லாம் ஒன்னுன்னு நினைக்கறவங்க நிறையப் பேரு. வாங்கித் தூக்கிப் போடறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும். பிரிக்கறவங்களுக்கு அதுல இனம் இருக்கு. தண்ணித் தொட்டியில போட்டா மூழ்கறது ஒரு இனம், மிதக்கறது ஒரு இனம். அது வரைக்கும் எந்த முட்டாளும் பிரிச்சுருவான். மிதக்கறதுக்குள்ள ரெண்டு சாதி. பால் கேன், எண்ணெய் கேன், பாட்டில் அடுக்கற கிரேட் எல்லாம் மெழுகு. வாளி, நாற்காலி, டப்பா மூடி எல்லாம் வாளிச் சரக்கு. உடைஞ்சு சில்லா வந்துட்டா கண்ணுக்கு ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். நுனியில நெருப்பு வச்சு, அணைச்சு, மோந்து பாக்கணும். மெழுகுன்னா மெழுகுவத்தி ஊதி அணைச்ச வாசம். வாளிச் சரக்குன்னா வண்டி எண்ணெய் வாசம், அடியில லேசா ஒரு இனிப்பு. கொட்டகையில பதினோரு பேரு. இதைச் சொல்ல அவ ஒருத்திதான்.

அவ புருஷன் ஒட்டுக்காரன். தெருத் தெருவா மண்ணெண்ணெய் அடுப்பையும் நாலு தட்டைக் கம்பியையும் தூக்கிட்டுப் போயி, உடைஞ்ச வாளி, விரிஞ்ச நாற்காலி, காது போன குடம் எல்லாத்தையும் ஒட்டிக் கொடுக்கறவன். இருபது வருஷம் அந்தப் புகையில குனிஞ்சு குனிஞ்சு அவன் மூக்கு எப்பவோ வெந்து போச்சு. அழுகின முட்டையை மூக்குக்கு நேரா வச்சாலும் தெரியாது. அதனால ஒட்டுத் துண்டு எது எதுன்னு அவ பிரிச்சுக் கொடுப்பா, அவன் ஒட்டுவான். "எனக்கு மூக்கு நீ, உனக்குக் கை நான்"னு கல்யாணமான புதுசுல சொன்னானாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவ கொஞ்சம் வெக்கப்படுவா.

அவங்களுக்கு ஒரே பொண்ணு, பாப்பா. ஒன்பது வயசு. பலகைக்கு அடியில சாக்குத் தொட்டில்ல வளந்தவ. அவளுக்கு இளைப்பு. எங்க வரிசை வீடுங்க குப்பை மேட்டுக்கு அடிவாரத்துல இருக்கு. மேடு வருஷம் பூரா புகையும், மழை பெஞ்சா இன்னும் ஜாஸ்தி. வெள்ளைத் துணி காயப் போட்டா மத்தியானத்துக்குள்ள சாம்பல் கலராயிரும். அந்தக் காத்தைத்தான் அந்தப் பிள்ளை இழுத்து இழுத்து விடும். ராத்திரி அந்தச் சத்தம் ரெண்டு வீடு தள்ளி எனக்குக் கேக்கும்.

மூணாவது தடவை ஆஸ்பத்திரியில சேத்தப்போ டாக்டரம்மா கோவமாவே சொல்லிட்டாங்க. "இங்க மருந்து கொடுத்துத் தேத்தி அனுப்பறேன், நீ திருப்பிப் புகைக்குள்ள கொண்டு போயி வைக்கற. ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தற கதைதான் இது. இடத்தை மாத்து. இல்லைன்னா அடுத்த மழைக்கு இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பில்ல."

இடத்தை மாத்தறதுக்கு எங்க போறது. மூக்கு நேராக் கொட்டகைக்கு வந்து உக்காந்து சாக்கைப் பிரிச்சா, அவ்வளவுதான்.

இந்தச் சமயத்துலதான் கொக்கு வந்துச்சு.

ஒட்டுக்காரனுக்கு இன்னொரு கிறுக்கு உண்டு. பாப்பா ஊசிக்கு அழுதப்போ உடைஞ்ச மக்குல ஒரு நாய் பண்ணிக் கொடுத்தான். அப்புறம் கொட்டகைக் கூரையில ஒரு சேவல். அப்புறம் லாரி வர்ற பாதை ஓரத்துல கறுப்பு எண்ணெய்க் கேனுங்களை உருக்கி முழு எருமை ஒன்னு. படுத்து அசை போடற எருமை. புது டிரைவர் ஒருத்தன் கால் மணி நேரம் ஹாரன் அடிச்சிட்டு, இறங்கி வந்து குச்சியால தட்டிப் பாத்துட்டு, அப்புறம் எங்களைத் திட்டிட்டுப் போனான். அந்த எருமையைத்தான் என்ஜினியர் பாத்தாரு.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் புதுசா குப்பை அரைக்கற மெஷின் யார்டு வருது. காத்து அந்தப் பக்கத்துல இருந்துதான் இந்தப் பக்கம் அடிக்கும், புகை அங்க போகாது. யார்டுக்குப் பின்னால வேலைக்காரங்களுக்கு ஆறு ரூம் கட்டியிருந்தாங்க. என்ஜினியர் வந்து எருமையைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "யார்டு வாசல்ல ஒரு கொக்கு வேணும்"னாரு.

"கொக்கா, சார்?"

"ரெண்டு ஆள் உயரம். ஒத்தைக் கால்ல நிக்கணும். முழுக்கக் குப்பைப் பிளாஸ்டிக். உள்ள கம்பி கிடையாது, ஒரு ஆணி கூடக் கிடையாது. அப்படித்தான் போர்டு எழுதப் போறோம். பெரியவங்க திறந்து வைக்க வர்றாங்க."

"கால் ரெண்டா வச்சுக்கலாமா, சார்?"

"ரெண்டு கால்ல கோழி நிக்கும். எனக்குக் கொக்கு வேணும்." கொஞ்சம் யோசிச்சுட்டு அவரே சொன்னாரு, "கொக்கு நின்னா உனக்கு யார்டுல வேலை. கடைசி ரூம் உனக்கு. சாவியை அன்னைக்கே தர்றேன். நிக்கலைன்னா நான் வேற ஆளைப் பாக்கணும், வருத்தப்படக் கூடாது."

ஒட்டுக்காரன் என்னைப் பாத்தான். "அக்கா, ஜன்னல் இருக்கற ரூம்கா"ன்னான். அவன் கண்ணு கலங்கிருச்சு. எனக்கும்தான்.

ஒரு மாசம் அந்த வீட்டு வாசல் பட்டறையாயிருச்சு. பால் கேனைப் பிளந்து வெந்நீர்ல முக்கி நிமுத்தி உடம்பு பண்ணினான். ஷாம்பு பாட்டில் வெள்ளையெல்லாம் வெட்டி இறகு, ஒன்னு மேல ஒன்னு ஏறி உக்காந்த மாதிரி. மஞ்ச எண்ணெய்க் கேன்ல அலகு. கண்ணுக்கு ஒரு மருந்து பாட்டில் மூடி, அது பாப்பாவோட மருந்து பாட்டில். கழுத்தை வளைச்சு நிறுத்தின அன்னைக்கு வரிசையே வந்து பாத்துச்சு. ஒரு கிழவன், "இது முழிக்கற முழியைப் பாத்தா மீன் தானா வந்து வாயில விழும்டா"ன்னான்.

கால்தான் பாடு. தொடை கனத்துக்கு, ஒரு ஆளுக்கு மேல உயரம். உள்ள கம்பி இல்லைன்னா முழுசும் ஒரே கட்டியா இருக்கணும். கிரேட் உடைச்ச சில்லைப் பலகை பலகையா உருக்கி, சூடா இருக்கும்போதே ஒன்னு மேல ஒன்னு அழுத்தி ஒட்டணும். அவன் வேலையில ஒரு பேச்சு வச்சிருப்பான்: "சூடா இருக்கற வரைக்கும் எல்லாமே ஒட்டும்கா. ஆறினாத்தான் உறவு தெரியும்." மெழுகும் வாளிச் சரக்கும் கலந்தா, ஒட்டின மாதிரியே இருக்கும், ஆறினதும் விட்டுரும். அதனால காலுக்குச் சுத்த மெழுகு மட்டும்தான். சாக்குச் சாக்கா அவ பிரிச்சுக் கொடுத்தா.

இப்ப நான் ஒன்னு சொல்லியாகணும். அவளுக்கு மூக்கு போயிருந்துச்சு.

ரெண்டு மாசத்துக்கு முன்னால எல்லாருக்கும் ஒரு காய்ச்சல் வந்து போச்சு. அவ எந்திரிச்சு வந்து பழையபடி உக்காந்தா, கொளுத்தினா, மோந்தா, போட்டா. எனக்குச் சந்தேகமே வரல. ஒரு நாள் காலையில கொஞ்சம் உப்பு வாங்க அவ வீட்டுக்குப் போனேன். அடுப்புல சோறு அடிப்பிடிச்சு, பானை வாயில புகை எந்திரிக்குது. அவ ஒரு முழம் தள்ளி, பானைக்கு முதுகைக் காட்டி உக்காந்து பாப்பாவுக்குத் தலை பின்னிட்டிருக்கா.

"ஏண்டி, சோறு கரியாப் போகுது, உனக்குத் தெரியல?"

அவ பானையைப் பாத்தா, என்னைப் பாத்தா. முகம் வெளுத்துப் போச்சு. பாப்பாவை வெளிய அனுப்பிட்டு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லாதே."

"எத்தனை நாளா?"

"காய்ச்சல்ல இருந்து. சோப்பு தெரியல, மண்ணெண்ணெய் தெரியல. பாப்பா தலையை மோந்து பாக்கறேன், அதுவும் தெரியல."

"அப்ப எப்படிடி பிரிக்கற?"

"நகத்தால கீறிப் பாக்கறேன். மெழுகுன்னா நகம் இறங்கும், வாளிச் சரக்குன்னா வழுக்கும். தட்டினா சத்தமும் வேற. நெருப்பு வைக்கறது சும்மா, ஊருக்கு."

"புருஷன்கிட்டயாவது சொல்லு."

"சொன்னா அவருக்குக் கை நடுங்கும்கா. இந்த மாசம் மட்டும். கொக்கு நின்னுரட்டும். அப்புறம் நானே சொல்றேன்."

நானும் சரின்னு வாயை மூடிக்கிட்டேன். நல்லது பண்றதா நினைப்பு. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். வருஷக்கணக்கா மொட்டை வெயில்ல கிடந்த கிரேட்டு வெளிறி, காஞ்சு, கல்லாட்டம் ஆயிருக்கும், அதுல நகம் இறங்காது. வெந்நீர் ஊத்தி ஊத்திப் பழசான வாளி மேலாக மொறுமொறுத்து மாவாகியிருக்கும், அதுல நகம் இறங்கும். நகம் ஒன்னைச் சொல்ல, சரக்கு வேறயா இருந்துச்சு. பிரிக்கற வேலையே தெரியாத ஒருத்தி இந்தத் தப்பைப் பண்ண மாட்டா. அவ அத்தனையையும் ஒன்னாக் கொட்டியிருப்பா, எவனாவது பாத்துத் திட்டித் திருப்பிப் பிரிச்சிருப்பான். இவ கைபட்ட சாக்கை யாரும் திருப்பிப் பாக்கல.

திறப்பு விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கால் முடிஞ்சுது. ஆறு பேரு சேந்து நிமித்தி நிறுத்தினோம். அழகாத்தான் நின்னுச்சு. மறுநாள் காலையில ஒட்டுக்காரன் கூப்பிடற சத்தம் கேட்டுப் போனேன். கால் நடுவுல ரெண்டாப் பிளந்து கிடக்கு. பிளந்த இடம் வழவழன்னு, சண்டை போட்டுக்கிட்டுப் பிரிஞ்ச மாதிரி கூட இல்ல, ஒட்டவே இல்லாத மாதிரி.

"சூடு பத்தலக்கா. என் தப்புதான். அவசரப்பட்டுட்டேன்."

மறுபடியும் பண்ணினான். இந்தத் தடவை சூடு ஏத்தி, கையால அழுத்தி. உள்ளங்கைத் தோல் பலகையோட போச்சு. துணியைச் சுத்திக்கிட்டு அடுத்ததை அழுத்தினான். அவ பக்கத்துல நின்னு சில்லை எடுத்து எடுத்துக் கொடுத்தா. நாலாவது நாள் ரெண்டாவது காலும் விட்டுருச்சு, இந்தத் தடவை மூணு இடத்துல.

அவன் கீழ உக்காந்துட்டான். ரெண்டு கையையும் விரிச்சு முகத்துக்கு நேரா வச்சுப் பாத்தான்.

"கை போச்சுக்கா. இருபது வருஷமா நான் ஒட்டின ஒரு வாளி திரும்பி வந்ததில்ல. எம் பொண்ணுக்குன்னு ஒன்னு ஒட்டறேன், அது நிக்க மாட்டேங்குது. என் நேரத்தைப் பாருங்க."

டீ வாங்கிக் கொடுத்தேன், ஆடை கட்டிப் போச்சு, குடிக்கல. உள்ள பாப்பா இழுக்கற சத்தம் கேக்குது. மூக்கு வாசப்படியில நின்னுக்கிட்டு அவன் கையையே பாத்துட்டிருக்கா. எனக்குத் தாங்கல. அவளைத் தனியாக் கூட்டிட்டுப் போனேன்.

"நீயா சொல்றியா, நான் சொல்லட்டா?"

"அக்கா..."

"அந்த ஆளு தன் கையைத் தானே வெட்டிக்குவான் போல இருக்குடி. கட்டின புருஷனை இப்படி நிக்க வச்சு வேடிக்கை பாப்பியா?"

அவ நேராப் போயி அவனுக்கு எதிர்ல உக்காந்தா.

"ஏங்க, உங்க கையில ஒன்னும் குத்தமில்ல. சரக்கு கலந்திருக்கு. நான்தான் கலந்துட்டேன். எனக்கு வாசனை தெரியலைங்க. காய்ச்சல்ல போனது இன்னும் வரல."

அவன் திட்டுவான், அடிப்பான்னு நினைச்சு நான் நடுவுல போக ரெடியா நின்னேன். அவன் சிரிச்சான். அந்தச் சிரிப்பை நான் மறுபடி கேக்க விரும்பல.

"நல்லாயிருக்குடி. வீட்டுல ரெண்டு மூக்கு, ரெண்டும் செத்தது. சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவன் யோசிச்சான். "ஒன்னும் பண்ணியிருக்க முடியாது"ன்னான்.

"அதான் சொல்லல."

விஷயம் வெளிய போனாப் போகட்டும்னு கொட்டகையில இருந்து ரெண்டு பொம்பளைங்களைக் கூட்டிட்டு வந்தேன். ஒரே சில்லை ரெண்டு தடவை கொளுத்தி நீட்டினோம். ஒருத்தி மொதல்ல மெழுகுன்னா, அப்புறம் வாளிங்கறா. இன்னொருத்தி, "எல்லாம் பிளாஸ்டிக் எரிஞ்ச நாத்தம்தாண்டி, இதுல என்ன வாசம் கண்டீங்க"ன்னுட்டா. என் மூக்கைக் கேக்காதீங்க, அது பொடிக்கு எழுதிக் கொடுத்த சொத்து.

அப்ப உள்ள பாயில இருந்து பாப்பா சொன்னா, "அது வண்டி எண்ணெய் வாசம்."

எல்லாரும் திரும்பினோம். ஒட்டுக்காரன் இன்னொரு சில்லைக் கொளுத்தி அணைச்சான்.

"இது மெழுகுவத்தி. பொறந்த நாளுக்கு ஊதற மாதிரி." அடுத்தது. "இதுவும் மெழுகு." அடுத்தது. "இது வாளிப்பா. கொஞ்சம் இனிப்பா இருக்கு."

கேன் கைப்பிடியோ வாளிக் கைப்பிடியோ இன்னும் ஒட்டியிருந்த துண்டுகளைத்தான் அவன் எடுத்திருந்தான், பாத்ததும் என்ன இனம்னு அவனுக்கே தெரிஞ்ச துண்டு. பிள்ளை ஒன்னு கூடத் தப்பாச் சொல்லல. அம்மாவோட பலகைக்கு அடியிலயே வளந்தவ, யாரும் சொல்லிக் கொடுக்காமயே அது ஏறியிருந்துச்சு. அஞ்சாவது சில்லுக்கு இருமல் வந்துச்சு. நிக்காத இருமல்.

மூக்கு அவன் கையில இருந்து தீப்பெட்டியைப் பிடுங்கிட்டா. "கூடாது. புகை ஆகாதுன்னுதானே இத்தனை பாடும்."

"அம்மா, ஒரு நாள்தானேம்மா. நான் மோந்து சொல்றேன், அப்பா ஒட்டட்டும். அங்க போயிட்டா எனக்குச் சரியாயிரும்ல."

"வாயை மூடு."

"நம்மளுக்கு அந்த ஜன்னல் ரூம் வேணாமாம்மா?"

மூக்கு கையை ஓங்கிட்டா. அடிக்கல. ஓங்கின கையைக் கீழ போடத் தெரியாம நின்னா. ஒட்டுக்காரன், "விடு, வேற வழி பாக்கலாம்"னான். என்ன வழின்னு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விழாவுக்கு நாலு நாள்.

மறுநாள் அவனும் அவளும் வாசல்ல உக்காந்து, கண்ணால பாத்தே அடையாளம் தெரியற முழுக் கிரேட்டா தேடிக்கிட்டிருந்தாங்க. அடியில இன்ன இனம்னு குறி அச்சடிச்சிருக்கற துண்டா பொறுக்கினாங்க. ஒரு காலுக்கு வேண்டியதுல பாதிதான் தேறுச்சு. நான் மத்தியானம் ரொட்டியும் டீயும் வாங்கிட்டுப் போனேன். வீட்டுக்குப் பின்னால, குளிக்கறதுக்கு அடைச்ச தகரத்துக்கு மேல, லேசாப் புகை. எங்க இடத்துல புகையை யாரு கவனிக்கப் போறா. மேடு புகையும், அடுப்பு புகையும், அவன் வாசல் அடுப்பு வேற. நான் பாத்துக்கிட்டேதான் போனேன்.

"பாப்பா எங்கடி?"

"தூங்கறாக்கா. இழுக்கற சத்தமே இல்ல, இன்னைக்குக் கொஞ்சம் தேவலை."

உள்ள பாய் காலியா இருந்துச்சு.

தகரக் கதவைத் திறந்தேன். பிள்ளை சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கா. முன்னால ஒரு மெழுகுவத்தி, முக்காவாசி உருகினது. ரெண்டு பக்கமும் ரெண்டு குவியல். ஒரு குவியலுக்கு முன்னால தரையில கரியால ஒரு கொக்கு வரைஞ்சிருக்கா, அது காலுக்கு உள்ளது. இன்னொன்னு வேண்டாதது. நூறு நூத்தம்பது பெரிய சில்லு இருக்கும், ஒவ்வொன்னுக்கும் நுனி கருகியிருக்கு. கையில சாம்பல் கலர்ல ஒரு துண்டு, தண்ணிக் குழாய்த் துண்டு. அது எப்படி இந்தச் சாக்குக்குள்ள வந்துச்சோ, அதோட புகை மூக்கையும் தொண்டையையும் அறுத்துரும், நாங்க பெரியவங்களே அதைக் கொளுத்த மாட்டோம். பாதிக்கு மேல எரிச்சிருக்கா. இந்த இனம் என்னன்னு தெரியாம மறுபடி மறுபடி மோந்து பாத்திருக்கா. உதடு நீலமாயிருந்துச்சு.

நான் கத்தினேன். மூக்கு ஓடி வந்தா. பத்தடி தூரம். பத்தடி தூரத்துல உக்காந்து கிரேட்டு பொறுக்கிக்கிட்டு இருந்திருக்கா, "சுவத்துக்கு அந்தப் பக்கம் எம் பிள்ளை எரிக்கற வாசம் எனக்குத் தெரியலையேக்கா"ன்னு, ஆஸ்பத்திரி போற வழியெல்லாம் அதை ஒன்னையே சொல்லிக்கிட்டு வந்தா. மூணு சக்கரச் சரக்கு சைக்கிள்ல பிள்ளையைப் படுக்க வச்சு ஒட்டுக்காரன் பெடலை மிதிச்சான், நான் பின்னால தள்ளிக்கிட்டு ஓடினேன்.

டாக்டரம்மா திட்டக் கூட இல்ல. பிள்ளை மூஞ்சியில ரப்பர் மூடியை வச்சாங்க. சாயங்காலம் வந்து, "உசுருக்கு ஆபத்தில்ல, ஆனா நாலஞ்சு நாள் இருக்கணும்"னு சொன்னாங்க. அப்புறம், "எங்க கூட்டிட்டுப் போகப் போறீங்க?"ன்னு கேட்டாங்க.

அவங்க போனதும் மூக்கு அவன்கிட்ட சொன்னா, "நீங்க போங்க."

"எங்க?"

"போயி காலை ஒட்டுங்க. பத்தாத மீதியை அவ பிரிச்சு வச்சிருக்கா."

"என்னால அதைத் தொட முடியாதுடி."

"தொடுங்க. அதை வீணாக்கிட்டு நாளைக்கு இவளைத் திருப்பி அந்தப் புகைக்கா கொண்டு போறது? போங்க. நான் இங்க இருக்கேன்."

அவன் போனான். பலகையைப் பிடிக்க நான் கூடப் போனேன். ரெண்டு பகலும் அவன் சில்லை எடுத்து, கருகின நுனியைக் கத்தியால சீவி, அதைக் கீழ போடாம சட்டைப் பையில போட்டுக்கிட்டான். ஏன்னு நான் கேக்கல. உருக்கினான், அழுத்தினான், கையில கட்டின துணி நனைஞ்சு சிவந்துச்சு. மூணாம் நாள் காலையில ஆறின காலைக் கல்லால தட்டிப் பாத்தான். ஒரே சத்தம், மேல இருந்து கீழ வரைக்கும். கொக்குக் காலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதான். பிள்ளை ஒரு சில்லு கூடத் தப்பாப் போடல.

கொக்கு நின்னுச்சு. திறப்பு விழா அன்னைக்குக் காத்து பலமா அடிச்சும் லேசா ஆடிச்சே தவிர சாயல. பெரியவங்க வந்தாங்க, கை தட்டினாங்க, பக்கத்துல நின்னு படம் எடுத்துக்கிட்டாங்க. போர்டுல ஒரு ஆணி கூட இல்லைன்னு எழுதியிருந்துச்சு. என்ஜினியர் சொன்ன பேச்சு மாறல. சாவியைக் கையில கொடுத்தாரு.

ரெண்டு நாள் கழிச்சுப் பாப்பாவை விட்டாங்க. ஒட்டுக்காரன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். நானும் மூக்கும் ரூமைக் கூட்டிக் கழுவப் போனோம். சின்ன ரூம்தான். ஆனா சொன்னபடி ஜன்னல் இருந்துச்சு, திறந்தா வாய்க்கால், அதுக்கு அந்தப் பக்கம் ரொம்ப தூரத்துல எங்க மேடு. அப்பத்தான் கதவுக்கும் ஜன்னலுக்கும் பச்சைப் பெயிண்ட் அடிச்சு முடிச்சிட்டு ஒரு பெயிண்டர் டப்பாவைக் கட்டிக்கிட்டிருந்தான்.

"ஜன்னலைத் திறந்தே வைங்கம்மா. ஒரு வாரத்துக்குப் பெயிண்ட் நாத்தம் தலையைத் தூக்கும். எனக்கே கண்ணு எரியுது"ன்னான். மூக்குல துணியைக் கட்டிக்கிட்டே போனான்.

மூக்கு ஜன்னல்கிட்ட போயி நின்னா. மேட்டுல புகை எந்திரிக்கறது கண்ணுக்குத் தெரியுது.

"அக்கா, இங்க வருதாக்கா அந்தப் புகை? மோந்து பாத்துச் சொல்லேன்."

நான் எட்டிப் பாத்து நல்லா இழுத்தேன். மேட்டுப் புகையும் தெரியல, அவன் சொன்ன பெயிண்டும் தெரியல. பொய் சொல்லலாம்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு நான் பட்டது போதும்.

"என் மூக்கும் செத்த மூக்குதாண்டி. எனக்குத் தெரியாது."

"சரி விடு. பாப்பா வந்து சொல்லட்டும்"னா.

வண்டிச் சத்தம் கேட்டுச்சு. ஒட்டுக்காரன் பிள்ளையைத் தூக்கிட்டு வந்து வாசல்ல இறக்கினான். மெலிஞ்சு போயிருந்தா, ஆனா இழுப்பு இல்ல. வர்ற வழியில கொக்கைப் பாத்துட்டு வந்திருக்கா, அதைப் பத்தியே பேச்சு. "என் காலுதானேப்பா அது?"

"உன் காலுதான். உன் காலுலதான் நிக்குது."

மூக்கு அவ முன்னால உக்காந்து தலையை ஒதுக்கி விட்டா. "பாப்பா, நல்லா மூச்சை இழுத்துப் பாத்துச் சொல்லு. மேட்டு வாசம் வருதா?"

பாப்பா கதவைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை மூடி, மூக்கைத் தூக்கி இழுத்தா. நாங்க மூணு பேரும் அவ வாயைப் பாத்துட்டு நின்னோம்.

"வரலம்மா. புகை வாசமே வரல."

ஒட்டுக்காரன் அவளை அப்படியே தூக்கிக்கிட்டான். "கேட்டியா? நான் சொன்னேன்ல, காத்து இந்தப் பக்கம் அடிக்காதுன்னு. கேட்டீங்களாக்கா?" ஒரு மாசத்துக்கு அப்புறம் அவன் மனசு விட்டுச் சிரிச்சான்.

மூக்கு சிரிக்கல. பிள்ளையோட கையைப் பாத்தா. கதவைப் பிடிச்ச அஞ்சு விரல்லயும் ஈரப் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்துச்சு.

"வேற வாசம் ஏதாச்சும் வருதா, கண்ணு?"

பாப்பா இன்னொரு தடவை இழுத்துப் பாத்தா. "இல்லம்மா. ஒன்னுமே வரல. நல்ல வீடும்மா."

மூக்கு என்னைப் பாத்தா. நானும் அவளைப் பாத்தேன். ஒட்டுக்காரன் பாப்பாவை ஜன்னல்கிட்ட தூக்கிட்டுப் போயி வாய்க்காலைக் காட்டிக்கிட்டிருந்தான். அவ எந்திரிச்சுப் போயி, சேலைத் தலைப்பைப் புருஷன் அடுப்பு மண்ணெண்ணெய்ல நனைச்சு எடுத்துட்டு வந்து, பிள்ளையோட விரலை ஒன்னொன்னாத் துடைச்சு விட்டா.